எம்.எல்.ஏ ஆகணுமாம்ல மருமவன்

வா மருமவனே, வா. இப்படித் திண்ணையில உக்காரு. பஸ் ஸ்டாப்புல உன் பேனரைப் பார்த்தேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கும்பிட்ட கை, உனக்குச் சொந்தமில்லாத ஒரு சாந்தமான முகம். எல்லாம் அம்சமா இருந்துது. கட்சிக்கொடி வரவேண்டிய இடத்தை மட்டும் காலியா விட்டு வச்சிருக்கியே, அதைப் பார்த்துத்தான் இந்த மாமன் மனசு குளுந்து போச்சு. எந்தக் கட்சின்னு இன்னும் முடிவாகல, ஆனா எம்.எல்.ஏ ஆகணும்னு முடிவாயிட்டுது. இந்தத் தெளிவு எத்தனை பேருக்கு வரும்?

பேனர் எழுதுன பயதான் ஒரு காரியம் பண்ணிட்டான். ‘வருங்காலச் சட்டமன்றமே’ன்னு போட்டிருக்கான். ‘உறுப்பினரே’ன்னு சேத்து அடிக்கத் துணி பத்தலையா, இல்ல நீ ஒருத்தனே மொத்த மன்றமும்னு நெசமாவே நெனச்சுட்டானா?

சிரிக்காதலே. ஒரே கட்சி மொத்த மன்றமும் ஆகுறது நாட்டுல நடக்காத காரியமில்ல. சிக்கிம் சட்டசபையில மொத்தம் 32 நாற்காலி. 2024 ஜூன்ல எண்ணிப் பார்த்தா, சிக்கிம் கிராந்திகாரி மோர்ச்சாவுக்கு 31. 2019 வரைக்கும் 25 வருசம் ஆண்டுட்டு இருந்த சிக்கிம் ஜனநாயக முன்னணிக்கு ஒண்ணே ஒண்ணு. அந்த ஒத்தை மனுசன் யாருகிட்ட பேசுவாரு, டீ குடிக்க யாரு கூடப் போவாரு? ஜூலையிலயே கிராந்திகாரியில போய்ச் சேந்துட்டாரு. 32-க்கு 32. அங்க அது புதுசும் இல்ல, 2009-ல இதே ஜனநாயக முன்னணி 32-ஐயும் அள்ளிக்கிட்டுதான் இருந்துது. நாகாலாந்துல இன்னும் விசேசம். 2023-ல ஜெயிச்ச கூட்டணிக்கு 60-ல 37 இருந்துது, அது போதும். ஆனாலும் மத்த கட்சிக்காரவுக ஒவ்வொருத்தரா ஆதரவுக் கடுதாசியோட வந்து நின்னு, கடைசியில எதிர்க்கட்சின்னு சொல்ல ஆளே இல்லாமப் போச்சு. அப்புறம் யாரு கேள்வி கேக்க, யாரு பதில் சொல்ல? அவிய பாடு அது.

சிக்கிம்ல ஒரு நாற்காலி உனக்குப் பொருத்தமா இருக்குமோன்னு நெனச்சேன். சங்கத் தொகுதின்னு பேரு. பௌத்த மடத்துத் துறவிகதான் நிக்கலாம், அவியதான் ஓட்டுப் போடலாம். ஊர் ஊரா அலைய வேண்டாம். ஆனா மொட்டை போடணும், கல்யாணத்தை மறக்கணும். எம் மவளுக்கு வேற மாப்பிள்ளை தேடணும்ல, அதனால அதை விட்டுட்டேன்.

சரி, நம்ம ஊருக்கு வாறேன். நம்ம சட்டசபையில 234 நாற்காலி. கும்மிடிப்பூண்டி ஒண்ணாம் நம்பர், குமரி மாவட்டத்துக் கிள்ளியூர் கடைசி நம்பர். இதுல 44 பட்டியல் சாதியாருக்கு, ரெண்டு பழங்குடியினருக்கு. முன்னால ஆங்கிலோ இந்தியர் ஒருத்தரை நியமனமா உக்கார வைப்பாவ, 2020-ல அதை எடுத்துட்டாவ. 1952-ல ஆந்திராவும் மலபாரும் சேந்து கெடந்தப்போ 375 பேரு. பிரிஞ்சு போனதும் 1957-ல 205. 1967-லேருந்து இந்த 234. அரசியல் சட்டம் என்ன சொல்லுதுன்னா, ஒரு மாநிலத்துச் சட்டசபையில 60-க்குக் குறையக் கூடாது, 500-க்கு மேல போகக் கூடாது. உத்தரப் பிரதேசத்துக்காரன் 403 வச்சிருக்கான். கோவா, மிசோரம், சிக்கிம் மாதிரி சில மாநிலத்துக்கு 60-க்குக் கீழ போகச் சலுகை.

நீ இதையெல்லாம் நெட்டுரு போட வேண்டாம். 118-ன்னு ஒரு நம்பரை மட்டும் உள்ளங்கையில எழுதிக்க. 234-ல பாதிக்கு ஒண்ணு கூட. நீ உள்ள போனா சட்டம் இயற்றுவே, கேள்வி கேப்பே, மானிய விவாதத்துல முழங்குவேன்னு உங்க அம்மை நெனச்சுக்கிட்டு இருக்கா. நெனைக்கட்டும், பெத்த மனசு. நீ உள்ள போறது தலை எண்ண. இந்தப் பக்கம் 118 இருக்கான்னு எண்ணுவாவ. அதுல உன் தலை ஒண்ணு. அந்தத் தலைக்குள்ள என்ன இருக்குன்னு இன்னைக்கு வரைக்கும் எந்தச் சபாநாயகரும் திறந்து பார்த்தது கெடையாது. உனக்கு அது சௌகரியம்தான்.

சின்னம் எடுக்கும்போது கவனமா இரு. 2021 கணக்கைப் பாரு. திமுக 133, அதிமுக 66, காங்கிரஸ் 18, பாமக அஞ்சு, பாஜக நாலு, விடுதலைச் சிறுத்தைகள் நாலு, ரெண்டு கம்யூனிஸ்டுக்கும் ரெண்டு ரெண்டு. கூட்டிப் பாரு, 234 சரியா வரும். ஆனா அந்த 133-ல எட்டுப் பேரு திமுக இல்ல. மதிமுக நாலு, மனிதநேய மக்கள் கட்சி ரெண்டு, கொங்குநாட்டு மக்கள் தேசியக் கட்சி ஒண்ணு, தமிழக வாழ்வுரிமைக் கட்சி ஒண்ணு. உதயசூரியன்ல நின்னாவ, சூரியன் கணக்குலயே ஏறிட்டாவ. வெளியில தனிக் கொடி, தனி ஆபீஸ், தனி லெட்டர் பேடு. உள்ள பதிவேட்டுல திமுக. நீ தனிக் கட்சி ஆரம்பிக்கப் போறேன்னு உங்க அப்பன்கிட்ட மிரட்டுனியாமே, இந்த வசதியையும் மனசுல வச்சுக்க. தலைவர் பட்டம் உனக்கு, செலவு பெரிய கட்சிக்கு.

‘ஜனங்க நெறைய ஓட்டுப் போட்டா நெறைய சீட்டு வரும், அம்புட்டுதானே மாமா’ங்க. ஏலே, நீ பி.காம் படிச்சவனா, இல்ல அந்த வழியாப் பஸ்ல போனவனா? 2006-ல அதிமுகவுக்கு 100-க்கு 32 ஓட்டுக்கு மேல. திமுகவுக்கு 26 சொச்சம். சீட்டு எத்தனை தெரியுமா? திமுகவுக்கு 96, அதிமுகவுக்கு 61. திமுக பாதிக்குக் கொஞ்சம் கூடத்தான் நின்னுது, மிச்சத்தை எல்லாம் கூட்டணிக்காரவுகளுக்குப் பிரிச்சுக் குடுத்துட்டுது. நின்ன இடத்துல அவிய ஓட்டும் வந்து விழுந்துது. ஆனா 118 தொடல பாத்தியா? காங்கிரசு 34 பேரு வெளியிலேருந்து தாங்க, அஞ்சு வருசம் முழுசா ஓடிட்டுது. ‘மைனாரிட்டி திமுக அரசு’ன்னு ஜெயலலிதா அம்மா அஞ்சு வருசமும் விடாமச் சொல்லிக்கிட்டே இருந்தாவ. அரசாங்கமும் விடாம நடந்துக்கிட்டே இருந்துது.

இதுக்கு முன்னால 1991-ல திமுகவுக்கு 100-க்கு 22 பேரு ஓட்டுப் போட்டாவ. சீட்டு ரெண்டு. அதுல ஒண்ணு துறைமுகத்துல கருணாநிதி, அவரும் ராஜினாமா பண்ணிட்டாரு. பரிதி இளம்வழுதிதான் சபையில நின்னு மல்லுக் கட்டினாரு. அஞ்சு வருசம் கழிச்சு 1996-ல அதிமுகவுக்கு 100-க்கு 21. சீட்டு நாலு. பர்கூர்ல முதலமைச்சரா இருந்த ஜெயலலிதாவே தோத்தாவ. அஞ்சுல ஒரு ஆளு ஓட்டுப் போட்ட கட்சிக்கு ஒரு பெஞ்சு நிறைய ஆளு இல்ல. 2006-ல விஜயகாந்து கட்சிக்கு எட்டு சதவீதத்துக்கு மேல, ஜெயிச்சது விருத்தாசலத்துல அவரு ஒருத்தருதான். 2021-ல நாம் தமிழருக்கு ஆறரை சதவீதம், சீட்டு சைபர். ஓட்டு எம்புட்டுங்கிறதை விட அது எங்க குமிஞ்சு கெடக்குங்கிறதுதான் இங்க பேச்சு. இது நியாயமான்னு என்னைக் கேட்டா, நியாயமில்லதான். ஆனா தோத்தவன்தான் அதைச் சொல்லுவான், ஜெயிச்சதும் மறந்துருவான். நீயும் மறந்துருவே, எனக்குத் தெரியும்.

நம்ம பக்கத்துத் தொகுதி ராதாபுரத்துல 2016-ல நடந்தது ஞாபகம் இருக்கா? வித்தியாசம் 49 ஓட்டு. தோத்தவரு அப்பாவு. தபால் ஓட்டைச் சரியா எண்ணலைன்னு கோர்ட்டு வரைக்கும் போனாரு. அடுத்த தேர்தல்ல ஜெயிச்சாரு, 2021-ல சபாநாயகரே ஆயிட்டாரு. 49 ஓட்டுல வாசல்ல நின்ன மனுசனை அஞ்சு வருசம் கழிச்சு எல்லாருக்கும் மேல தூக்கி உக்கார வச்சிட்டுது. அதனால ஓட்டு நாளன்னைக்கு ஓட்டுப் போடாமக் கல்யாண வீட்டுக்குப் போற உன் கூட்டாளிக அம்பது பேரை லேசா நெனைச்சிராத.

என்ன, ஓட்டுக் கேட்டு வீதி வீதியா அலைய வெக்கமா இருக்கா? கூழு குடிக்கச் சொல்லுவாவ, துணி தேய்க்கச் சொல்லுவாவ, புரோட்டா வீசச் சொல்லுவாவங்கியா? அதுக்கும் வழி இருக்குலே. மேலவை. 1952-ல காங்கிரசுக்கு 375-ல 152-தான் கெடைச்சுது. கம்யூனிஸ்டு மட்டும் 62. எதிர்ப் பக்கம் எல்லாம் ஒண்ணு சேந்து ஆட்சி கேட்டு நிக்கு. அந்த நேரத்துல தேர்தல்லயே நிக்காத ராஜாஜியை கவர்னரு மேலவைக்கு நியமனம் பண்ணி, முதலமைச்சரா வாங்கன்னு கூப்பிட்டாரு. வாசல்ல கூட்டம் நிக்கும்போது கொல்லை வழியா வந்து பந்தியில உக்காந்தாரு. அப்புறம் காமன்வீல் கட்சி மாணிக்கவேலு ஆதரவு குடுத்தாரு, மந்திரியும் ஆனாரு. உழைப்பாளர் கட்சியும் கை குடுத்துது. கணக்கு நேராயிட்டுது. கட்சி மாறுறதுக்கு ஆயாராம் கயாராம்னு பின்னால வடக்க பேரு வச்சாவ. நம்ம ஆளுக அதுக்குப் பதினஞ்சு வருசம் முன்னாலயே செஞ்சு காட்டிட்டாவ, பேரு வைக்கத்தான் தோணல.

1967-ல அண்ணாவும் எம்.பி-யா இருந்துட்டு முதலமைச்சராகி மேலவை வழியாத்தான் வந்தாரு. பிகார்ல நிதிஷ் குமார் மேலவையில இருந்துக்கிட்டே பல தடவை முதலமைச்சரா பதவி ஏத்தவரு. மகாராஷ்டிரத்துல உத்தவ் தாக்கரே 2019 நவம்பர்ல பதவி ஏத்துட்டு, ஆறு மாசக் கெடு முடியுறதுக்குள்ள மேலவையில புகுந்தாரு. பெரிய பெரிய ஆளுகளே போன பாதைதான், நீ ஒண்ணும் கூச்சப்பட வேண்டாம்.

ஆனா ஒரு சிக்கல். நம்ம ஊர்ல அது இல்ல. 1986-ல எம்.ஜி.ஆர் இழுத்துப் பூட்டிட்டாரு. ஒரு நடிகையை நியமனம் பண்ணினாரு. கடனைக் கட்ட முடியாம இன்சால்வென்ட் ஆனவுக உறுப்பினரா ஆகக் கூடாதுன்னு சட்டத்துல இருக்கு, அதுல போய் விவகாரம் மாட்டிக்கிட்டுது. ஒரு நாற்காலியில ஒருத்தரை உக்கார வைக்க முடியல, அதனால மொத்த மண்டபத்தையே எடுத்துட்டாருன்னு ஊர்ல சொல்லுவாவ. கருணாநிதி அப்போ அந்த மேலவையிலதான் இருந்தாரு, அதையும் சேத்துச் சொல்லுவாவ. அப்புறம் திமுக வந்தா மேலவை வேணும்னு தீர்மானம், அதிமுக வந்தா வேண்டாம்னு தீர்மானம். 2010-ல பார்லிமென்டே சட்டம் போட்டுக் குடுத்துட்டுது, 78 பேருன்னு கணக்கும் ஆச்சு. 2011-ல ஆட்சி மாறிட்டுது, அதோட அதுவும் போச்சு. அதே ஆட்டத்துல ஓமந்தூரார் தோட்டத்துல கட்டுன புதுச் சட்டசபையும் ஆஸ்பத்திரி ஆயிட்டுது. அது மட்டும் நல்ல காரியம். சட்டசபையில ஆளுக எழுந்து வெளியில போவாவ, ஆஸ்பத்திரியில ஆளுக எழுந்து வீட்டுக்குப் போறாவ.

மேலவை வேணும்னா ஆறு மாநிலத்துல ஒண்ணுல குடியேறணும். உத்தரப் பிரதேசம், பிகார், மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரா, தெலங்கானா. அங்க மூணுல ஒரு பங்கை எம்.எல்.ஏ-க்கள் தேர்ந்தெடுப்பாவ, மூணுல ஒரு பங்கைப் பஞ்சாயத்து, முனிசிபாலிட்டிக்காரவுக. பன்னெண்டுல ஒரு பங்கு பட்டதாரிக, பன்னெண்டுல ஒரு பங்கு வாத்தியாருமாருக. மிச்சம் ஆறுல ஒரு பங்கு கவர்னரு நியமனம். இலக்கியம், அறிவியல், கலை, கூட்டுறவு, சமூக சேவை. நீ எதுல வருவே? கூட்டுறவு சொசைட்டியில வாங்குன கடனை உங்க அப்பன் இன்னும் அடைக்கல, அந்த வழியா வேணா முயற்சி பண்ணு.

அங்க போய் நீ எதையாவது தடுத்துருவேன்னு மட்டும் நெனைக்காத. சட்டசபை ஒரு மசோதாவை அனுப்பினா மூணு மாசம் வச்சுக்கலாம். திருப்பி அனுப்பினா இன்னொரு மாசம். அம்புட்டுதான். பண மசோதான்னா 14 நாள். இந்தச் சின்ன முட்டுக்கட்டையையே பொறுக்க முடியாமத்தான் ஆந்திராவுல கூத்து நடந்துது. 1985-ல என்.டி.ஆர் மேலவையை ஒழிச்சாரு. 2007-ல ராஜசேகர ரெட்டி ஆட்சி திருப்பிக் கொண்டாந்துது. 2020-ல அவரு மவன் ஜகன் மூணு தலைநகர் மசோதா கொண்டாந்தாரு, மேலவையில தெலுங்கு தேசக்காரன் அதிகம், மசோதா மாட்டிக்கிட்டுது. உடனே மேலவையே வேண்டாம்னு தீர்மானம். மறு வருசம் அங்க இவரு ஆளுக கூடிட்டாவ. உடனே மேலவை வேணும்னு தீர்மானம். அப்பன் கட்டுன வீட்டை இடிக்கப் போயி, வாடகை வர ஆரம்பிச்சதும் கடப்பாரையைக் கீழ போட்டுட்டாரு.

வெளியூர் எதுக்கு, பக்கத்துல புதுச்சேரி இருக்கு. மாநிலமில்ல, யூனியன் பிரதேசம்தான், ஆனாலும் சட்டசபை உண்டு. ஜனங்க தேர்ந்தெடுக்கிறது 30 பேரு. டெல்லிக்காரவுக நியமிக்கிறது மூணு பேரு. அந்த மூணு பேருக்கும் ஓட்டுரிமை உண்டான்னு சண்டை, உண்டுன்னு 2018-ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லிட்டுது. 2021 பிப்ரவரியில நாராயணசாமி ஆட்சி கவுந்தப்போ எதிர்ப் பக்கம் இருந்த 14-ல மூணு அந்த நியமனக்காரவுகதான். ஒரு வீட்டுப் படியும் ஏறாம ஒரு ஆட்சியை இறக்கலாம்லே. சோம்பேறிக்கு இதைவிட நல்ல வேலை அரசாங்கத்துல இல்ல.

இப்போ நீ கேக்க வந்ததுக்கு வாறேன். கொடி இடத்தைக் காலியா விட்டிருக்கியே, உள்ள போன பொறவு மாத்திக்கலாம்கிற தைரியம்தானே?

முந்தி சௌகரியம் இருந்துது. 1967-ல ஹரியானாவுல கயா லால்னு ஒரு எம்.எல்.ஏ, சுயேச்சையா ஜெயிச்சவரு, பதினஞ்சு நாளுக்குள்ள மூணு தடவை கட்சி மாறினாரு. ஆயாராம் கயாராம்னு பேரு வந்தது அவராலதான். 1985-ல ராஜீவ் காந்தி காலத்துல கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்துது. ஒருத்தன் தாவினா பதவி போயிரும். ஆனா மூணுல ஒரு பங்கு ஆளுக சேந்து போனா அது பிளவு, தப்பில்லன்னு ஒரு ஓட்டை வச்சாவ. 2003-ல அந்த ஓட்டையை அடைச்சாவ, ஆனா மூணுல ரெண்டு பங்கு போனா அது இணைப்புன்னு மொதல்லேருந்தே இருந்த பெரிய வாசலை அப்படியே விட்டுட்டாவ. ஒத்தை ஆடு வேலி தாண்டினா பட்டியில அடைப்பான், மந்தையே தாண்டினா மேய்ச்சலுக்குப் போவுதும்பான்.

கோவாக்காரன் இந்தக் கணக்குல எமகாதகன். 2019-ல காங்கிரசுல 15 பேரு, பாஜகவுக்குப் போனது பத்துப் பேரு. மூணுல ரெண்டு பங்கு, ஒரு தலை கூடக் கிடையாது, குறையக் கிடையாது. அடுத்த தேர்தலுக்கு முன்னால காங்கிரசு உசாராயிட்டுது. வேட்பாளர் அத்தனை பேரையும் கோயிலுக்கும் சர்ச்சுக்கும் தர்காவுக்கும் கூட்டிட்டுப் போயி, தாவ மாட்டோம்னு சத்தியம் வாங்கினாவ. 2022-ல 11 பேரு ஜெயிச்சாவ. செப்டம்பர்ல எட்டுப் பேரு போயிட்டாவ. 11-ல மூணுல ரெண்டு பங்கு எம்புட்டுன்னு பாரு, எட்டுதான் வரும். அதுல ஒருத்தரு, கோயிலுக்கு மறுபடி போயி சாமிகிட்டயே கேட்டேன், உனக்கு எது நல்லதோ அதைச் செய்யின்னு சாமி சொல்லிட்டுதுன்னாரு. சாமிக்கும் வகுத்தல் கணக்கு வரும் போலிருக்கு.

அருணாசலப் பிரதேசத்துல இன்னும் பெரிய மனசு. பெமா காண்டு 2016 ஜூலையில காங்கிரசு முதலமைச்சரு. செப்டம்பர்ல 44 காங்கிரசு எம்.எல்.ஏ-க்கள்ல தன்னையும் சேத்து 43 பேரா அருணாசல மக்கள் கட்சிக்குப் போனாரு. நபம் துகி மட்டும் தனியா உக்காந்திருந்தாரு, காங்கிரசு ஆபீஸ்ல விளக்கணைக்க ஒரு ஆளு வேணும்ல. டிசம்பர் 31-ம் தேதி தன்னையும் சேத்து 33 பேரா பாஜகவுக்குப் போயிட்டாரு. ஆறு மாசத்துல மூணு கட்சி, முதலமைச்சர் நாற்காலி அதேதான். கர்நாடகத்துக்காரன் வேற வழி கண்டான். 2019-ல 17 பேரு, அதுல பெரும்பாலானவுக தாவல, ராஜினாமாதான் குடுத்தாவ. 99-க்கு 105-ன்னு ஆட்சி கவுந்துது. சபாநாயகர் தகுதி நீக்கம் பண்ணினாரு, அது சரி, ஆனா மறுபடி நிக்கலாம்னு சுப்ரீம் கோர்ட்டு சொல்லிட்டுது. 15 இடத்துல இடைத்தேர்தல், 12-ஐப் பாஜக எடுத்துது. போனவனே புதுச் சட்டையில திரும்ப வந்தான், பல பேரு மந்திரியா.

நம்ம ஊர் பாடம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. 2017 பிப்ரவரியில அதிமுக எம்.எல்.ஏ-க்களைக் கூவத்தூர்ல வச்சு, 18-ம் தேதி நம்பிக்கை ஓட்டுக்குச் சட்டசபைக்குக் கொண்டாந்து, பகுதி பகுதியா எழுப்பி நிறுத்தி எண்ணினாவ. 122-க்கு 11. எதிர்த்து எழுந்து நின்ன 11 பேரு ஓபிஎஸ் பக்கம். அவிய பதவி போகல, ஆகஸ்டுல ஓபிஎஸ் துணை முதலமைச்சரே ஆனாரு. அதுக்கு மறுநாள் கவர்னருகிட்ட ஒரு கடுதாசி குடுத்த தினகரன் பக்கத்துக்காரவுக 19 பேரு. சபையில எதிர்த்து ஓட்டே போடல, கடுதாசிதான். அவியள்ல 18 பேரு பதவி செப்டம்பர்ல போச்சு. ஹைகோர்ட்டுல ரெண்டு நீதிபதிக ரெண்டு விதமாச் சொல்லி, மூணாவது நீதிபதி வந்து போனது போனதுதான்னு முடிச்சு வச்சாரு. இதுலேருந்து நீ என்ன கத்துக்கணும்? எழுத்துல எதையும் குடுக்காத. கையை ஆட்டு, தொண்டையைச் செருமு, வேணும்னா ஓபிஎஸ் மாதிரி மெரினாவுல போய்க் கண்ணை மூடி உக்காரு. கையெழுத்து மட்டும் போட்டுராத. உங்க தாத்தா சொல்லுவாரு, உனக்குத்தான் காது கேக்காது.

இதைவிட நயமான வழி விஜயகாந்து கட்சிக்காரவுக கண்டது. 2011-ல 29 சீட்டோட எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலியே அவியளுக்கு. திமுகவுக்கு 23-தான். பத்துல ஒரு பங்கு, அதாவது 24 இருந்தாத்தான் அந்த நாற்காலி. கொஞ்ச நாள்ல அதுலேருந்து ஒவ்வொருத்தரா முதலமைச்சரைப் போய்ப் பார்த்தாவ. எதுக்குன்னா ‘தொகுதி நலன்’. கட்சியும் மாறல, பதவியும் போகல, உக்காந்த இடத்துலயே இருந்துக்கிட்டு ஆட்சிக்கு வாழ்க. தேர்தலுக்கு ரெண்டு மூணு மாசம் இருக்கையில, 2016 பிப்ரவரியில எட்டுப் பேரு ராஜினாமா. 24-க்குக் கீழ போனதும் விஜயகாந்துக்கு இருந்த எதிர்க்கட்சித் தலைவர் பதவியும் போச்சு. தொகுதிக்கு என்ன நலம் வந்துதுன்னு மட்டும் எவனும் எழுதி வைக்கல.

மந்திரி ஆசை இருக்கா? சொல்லு, மாமன்கிட்ட என்ன வெக்கம். முந்தி அதுக்கும் அளவு கெடையாது. 1997-ல உத்தரப் பிரதேசத்துல கல்யாண் சிங், மத்த கட்சியிலேருந்து பிச்சுக்கிட்டு வந்தவுக எல்லாருக்கும் பதவி குடுத்து 93 பேரோட மந்திரிசபை போட்டாரு. 2003-க்கு அப்புறம் 100-க்கு 15-தான். நம்ம ஊருக்கு முதலமைச்சரோட சேத்து 35. மிச்சம் 199 பேரு மேசையைத் தட்டணும். மேசை தேக்கு மரம், வலுவாத்தான் இருக்கும். கொறடா எப்போ எழுந்திரின்னு சொல்லுதாரோ அப்போ எழுந்திரி, எப்போ வெளிநடப்புங்காரோ அப்போ செருப்பைத் தேடு. சொந்தமா யோசிக்கணும்னா சட்டசபை முடிஞ்சு எழும்பூர்ல ரயிலேறின பொறவு யோசி.

உன் அத்தை அடுப்படியிலேருந்து என்னமோ கேக்கா. பொம்பளையாளு எத்தனை பேரு உள்ள இருந்தாவன்னா? 2021-ல ஜெயிச்சது 12 பேரு தாயி, 234-ல. மூணுல ஒரு பங்குன்னு 2023-ல சட்டம் போட்டாவ. மக்கள்தொகை எடுத்து, தொகுதியை மறுவரையறை பண்ணி, அதுக்கப்புறம்னு அந்தச் சட்டத்துலயே எழுதி வச்சிருக்காவ. அவ நிக்கப் போறாளாம்லே. நின்னா நான் அவ பக்கம், சொல்லிட்டேன். உன் பேனர்ல காலியாக் கெடக்க இடத்துல அவ படத்தைப் போட்டுரு.

சரி, காரியத்துக்கு வா. வயசு 25 ஆகணும், உனக்கு ஆயிட்டுது. டெபாசிட் 10,000 ரூவா, பட்டியல் சாதி, பழங்குடின்னா 5,000. பதிவான செல்லுற ஓட்டுல ஆறுல ஒரு பங்குக்கு மேல தேறலைன்னா அந்தப் பணம் அரசாங்கத்துக்கு. செலவு 40 லட்சத்துக்கு மேல பண்ணக் கூடாது. அந்த நம்பரைக் கேட்டு நீ பயந்தா புதுசு, சிரிச்சா பழசு. 1996-ல மொடக்குறிச்சியில விவசாயிக கோவத்துல 1,033 பேரு நின்னாவ, ஓட்டுச்சீட்டைப் புஸ்தகமா அடிக்க வேண்டியதாப் போச்சு. அவியளும் வேட்பாளருதான். அதனால நிக்கிறது பெரிய காரியமில்ல, நீ தைரியமா நில்லு.

ஒண்ணே ஒண்ணு. சட்டசபைக்கு நிக்கிறவன் இந்த மாநிலத்துல எங்கயாவது ஒரு தொகுதியில வாக்காளரா இருக்கணும். நேத்து வாக்குச்சாவடி அலுவலரு லிஸ்ட்டோட வந்தாரு, நான் உக்காந்து முழுசும் பார்த்தேன். செத்துப் போன உங்க பெரிய தாத்தா பேரு இருக்கு. நீ திருப்பூருக்குப் போனதும் உன் பேரை எடுத்துட்டாவ, அங்க போயும் நீ சேக்கல. ஆறாம் நம்பர் படிவம் தாலுகா ஆபீஸ்ல சும்மாத்தான் குடுக்காவ. நாளைக்குக் காலையில பத்து மணிக்குப் போயி அதை முதல்ல எழுதிக் குடுத்துட்டு வா.